திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை: ஒரு கேமன் டிரஸ்ட் வழக்கின் ஆய்வு

பணம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யார் பெயரில் இருக்கிறது என்பதும் தெரியும். அதைத் திரும்பக் கொடு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பத்திரமே சொல்கிறது. இவ்வளவு இருந்தும் கையில் தீர்ப்பு வைத்திருந்த கடன்காரரால், அதாவது பணம் வர வேண்டியவரால், ஒரு டாலரைக்கூடத் தொட முடியவில்லை. கேமன் தீவுகளில் தொடங்கி, 2011 ஜூன் 21 அன்று, கேமனுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்த டி.எம்.எஸ்.எஃப். எதிர் மெர்ரில் லிஞ்ச் வழக்கின் சிக்கல் இதுதான். கடல்கடந்த டிரஸ்ட், திவால் தகராறுகளைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவர் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். சுருக்கமான தீர்ப்பு. ஆனால் இந்தத் தொழிலின் எல்லாக் கருவிகளும் ஒருமுறை வெளியே வந்து போகின்றன.

நடந்தது என்ன

யாஹ்யா முராத் டெமிரெல் துருக்கித் தொழிலதிபர். எகேபேங்க் என்ற வங்கி அவர் கட்டுப்பாட்டில் இருந்தது. 1999இல் அவர் கேமன் தீவுகளில் இரண்டு டிரஸ்டுகளை நிறுவி, 2.4 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் அவற்றில் போட்டார். மெர்ரில் லிஞ்ச் குழுமத்தின் கேமன் நிறுவனம் டிரஸ்டி, அதாவது பயனாளிகளுக்காகச் சொத்தைத் தன் பெயரில் வைத்து நிர்வகிப்பவர். அதே ஆண்டு டிசம்பரில் எகேபேங்க் விழுந்தது. துருக்கியில் வங்கி டெபாசிட்களுக்குக் காப்பீடு கொடுக்கும் அரசு அமைப்பான டி.எம்.எஸ்.எஃப். வங்கியைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பிறகு டெமிரெல் மீது வழக்குப் போட்டு, 2001இல் சுமார் 3 கோடி டாலருக்குத் துருக்கி நீதிமன்றத்தில் தீர்ப்பும் வாங்கியது.

அந்தத் தீர்ப்பைக் கேமனுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. வெளிநாட்டுத் தீர்ப்பைப் பதிவு செய்து அப்படியே நிறைவேற்றும் சட்டம் கேமனில் ஒன்று உண்டு. ஆனால் துருக்கி அதன் எல்லைக்குள் வராது. எனவே பழைய பொதுச் சட்ட வழிதான்: துருக்கித் தீர்ப்பை ஒரு கடனாக வைத்து, அந்தக் கடனுக்காகக் கேமனில் புதிதாக வழக்குப் போட வேண்டும். கடனாளி அந்த நாட்டில் வசித்தாரா, அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டாரா என்பதுதான் அங்கே முக்கியக் கேள்வி. டெமிரெல் விஷயத்தில் அது பெரிய தடையாகவில்லை. டி.எம்.எஸ்.எஃப். கேமனிலும் ஜெயித்தது.

அப்புறம்தான் உண்மையான வேலை. கடனாளியின் பெயரில் கேமனில் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் டிரஸ்டியின் பெயரில்.

பத்திரத்தைப் படிப்பது

இந்தத் துறையில் அனுபவம் உள்ளவர் டிரஸ்ட் பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க மாட்டார். நேரே நான்கு இடங்களுக்குப் போவார். பயனாளிகள் யார்? டிரஸ்டியை நீக்கவும் நியமிக்கவும் யாருக்கு உரிமை? பயனாளிகளின் பட்டியலில் ஆளைச் சேர்க்கவும் எடுக்கவும் யாரால் முடியும்? டிரஸ்டையே ரத்து செய்யும் அதிகாரம் யாருக்காவது இருக்கிறதா, இருந்தால் அதற்கு வேறு யாருடைய சம்மதம் வேண்டும்? முதலீட்டு அதிகாரம், கணக்கு வைக்கும் முறை, டிரஸ்டியின் கட்டணம் என்று நாற்பது ஐம்பது பக்கம் ஓடும் மற்ற விஷயங்கள் இந்த நான்குக்கும் பிறகுதான்.

டெமிரெலின் பத்திரங்களில் விடை பளிச்சென்று இருந்தது. டிரஸ்டி தன் விருப்பப்படி பிரித்துக் கொடுக்கலாம் என்ற வகை டிரஸ்ட். பயனாளிகள் அவரும் அவர் மனைவியும். ரத்து செய்யும் அதிகாரம் டெமிரெலிடமே இருந்தது. அவர் அதை எழுத்தில் தெரிவித்தால் சொத்து முழுக்க அவரிடமே திரும்பிவிடும். இன்னொருவர் சம்மதம் தேவையில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு கடிதமும் ஒரு கையெழுத்தும் போதும்.

அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு எந்த அவசரமும் இல்லை. இதில் வியப்பும் இல்லை. எழுதினால் பணம் நேரே கடன்காரர் கைக்குப் போகும்.

மூடியிருந்த கதவுகள்

டி.எம்.எஸ்.எஃப். பக்கம் உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞருக்கு இந்த நிலையில் என்னென்ன வழிகள் இருக்கும்?

"இது டிரஸ்டே இல்லை, வெறும் நாடகம்" என்று சொல்வது முதல் வழி. பினாமி என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும் வாதம். கேட்க நன்றாக இருக்கும், நிரூபிப்பது மகா கஷ்டம். 1967இல் இங்கிலாந்தில் டிப்லாக் நீதிபதி ஸ்னூக் வழக்கில் வகுத்த அளவுகோலின்படி, ஆவணத்தில் கையெழுத்திட்ட எல்லோருக்கும் பொதுவாக ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். கடனாளிக்கு அந்த எண்ணம் இருந்தது என்று காட்டினால் பத்தாது. டிரஸ்டிக்கும் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரு பன்னாட்டு வங்கியின் டிரஸ்ட் நிறுவனம் தெரிந்தே நாடகத்தில் நடித்தது என்று நீதிபதியை நம்பவைப்பது லேசான காரியமில்லை. உள்ளபடியே அது உண்மையாகவும் இருக்காது. அவர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்திரத்தில் உள்ளபடி நடக்கிறவர்கள்.

இரண்டாவது வழி, கடன்காரரை ஏமாற்றும் எண்ணத்தோடு செய்த சொத்து மாற்றத்தை உடைப்பது. இதன் வேர் 1571இல் எலிசபெத் ராணி காலத்தில் வந்த இங்கிலாந்துச் சட்டத்தில் இருக்கிறது. கேமன் 1989இல் தனக்கென ஒரு சட்டத்தை எழுதி, இந்த வழியைக் குறுகலாக்கியது. எண்ணத்தை நிரூபிக்கும் பொறுப்பு கடன்காரருடையது. மாற்றம் நடந்த ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். 1999இல் போன பணத்துக்கு அந்த ஆறு ஆண்டு 2005இல் முடிகிறது. இங்கே ஒரு சொல்: கடல்கடந்த தீவுகள் கடன்காரர்களை ஏமாற்றுவதற்கென்றே சட்டம் எழுதுகின்றன என்று பொதுவாகப் பேசுகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் ஆறு ஆண்டு என்பது நியாயமான காலம்தான். சரியான நேரத்தில் சரியான ஊரில் வழக்கறிஞரைப் பிடிக்காமல் சொந்த நாட்டில் மட்டும் வருடக்கணக்கில் வழக்காடுவதில்தான் பல கடன்காரர்கள் கோட்டை விடுகிறார்கள்.

மூன்றாவது, பயனாளியாக டெமிரெலுக்கு உள்ள பங்கை ஜப்தி செய்வது. டிரஸ்டி விரும்பினால்தான் பணம் என்கிற டிரஸ்டில் பயனாளிக்கு இன்ன பங்கு என்று ஒன்று கிடையாது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஜப்தி செய்ய அங்கே எதுவும் இல்லை.

எடுத்த வழி

டி.எம்.எஸ்.எஃப். கேட்டது வேறொன்றை. டிரஸ்டை உடைக்கச் சொல்லவில்லை. டிரஸ்ட் முழுக்கச் செல்லும், பத்திரமும் செல்லும், அதிலுள்ள ரத்து அதிகாரமும் செல்லும். அந்த அதிகாரத்தின் மீது ஒரு ரிசீவரை (கடனாளியின் சொத்தையோ உரிமையையோ கையாள நீதிமன்றம் நியமிக்கும் ஆளை) நியமியுங்கள். டெமிரெல் எழுத மறுக்கும் கடிதத்தை ரிசீவர் எழுதட்டும். எதிராளி கட்டிய வீட்டை இடிக்காமல், அவரே வைத்துக்கொண்ட சாவியைக் கேட்பது போன்ற யோசனை.

ரிசீவர் என்ற இந்த நிவாரணம் பழையது. அமீனா போய்க் கைப்பற்ற முடியாத உரிமைகள் விஷயத்தில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் கைகொடுத்த முறை. 1873ஆம் ஆண்டு ஜுடிகேச்சர் சட்டம், நியாயமாகவோ வசதியாகவோ தோன்றினால் ரிசீவரை நியமிக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு அகலமான அதிகாரம் கொடுத்தது. ஆனால் பின்னால் வந்த தீர்ப்புகள் அதைச் சுருக்கின: சாதாரண வழியில் ஜப்தி செய்யக்கூடிய வகைச் சொத்தாக இருந்து, ஏதோ தடையால் முடியாமல் போனால் மட்டுமே ரிசீவர் என்று. கேமனின் கிராண்ட் கோர்ட் மறுத்தது. அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தது. காரணம் இது: அதிகாரம் என்பது சொத்தாகாது. சொத்தில்லாத ஒன்றின் மீது ரிசீவர் உட்கார முடியாது.

இந்த வாதத்துக்குப் பின்னால் 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று நிற்கிறது. ஆம்ஸ்ட்ராங் என்ற மணமான பெண் திவாலானார். ஒரு சொத்தைத் தனக்கே ஒதுக்கிக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அந்த அதிகாரத்தைத் திவால் அதிகாரி எடுத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. ஃப்ரை நீதிபதி சொன்னது: தனக்கே ஒதுக்கிக்கொள்ளும் அதிகாரம் ஒருவரின் சொத்தாகாது, புத்தகம் எழுதும் திறமையும் பாட்டுப் பாடும் திறமையும் எப்படிச் சொத்தாகாதோ அப்படி. அழகாகச் சொல்லிவிட்டார், அந்த அழகே அந்தக் கருத்தை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். பாட்டுப் பாடினால் பணம் வருமா வராதா என்பது கேட்பவர்கள் கையில் இருக்கிறது. ரத்துக் கடிதம் எழுதினால் 2.4 கோடி டாலர் வந்தே தீரும். இரண்டும் ஒன்றாகுமா?

லண்டனில்

பிரிவி கவுன்சிலில் தீர்ப்பை எழுதியவர் காலின்ஸ் பிரபு. அவருக்கு இந்த விஷயம் புதிதில்லை. 2008இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், மஸ்ரி வழக்கில், யேமன் எண்ணெய் ஒப்பந்தம் ஒன்றிலிருந்து இனிமேல் வரப்போகும் வருமானத்தின் மீதே ரிசீவரை நியமிக்கலாம் என்று எழுதியவர் அவர்தான். அதாவது, ரிசீவர் முறை 19ஆம் நூற்றாண்டில் நின்றுபோன ஒன்று என்ற கருத்தை அவர் ஏற்கெனவே ஒருமுறை தள்ளியிருந்தார். எந்த நீதிபதி எதைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறார் என்று பார்த்து வைப்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலை.

காரணங்களை அவர் அடுக்கிய விதம் நிதானமானது. சொத்தும் அதிகாரமும் வேறு வேறு என்ற பழைய கோட்டை அவர் அழிக்கவில்லை. ஆனால் அந்தக் கோடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடப்பட்டதில்லை என்று காட்டினார். திவால் சட்டங்களே பல காலமாக, திவாலானவர் தன் நன்மைக்காகப் பயன்படுத்தக்கூடிய அதிகாரங்களைத் திவால் சொத்தில் சேர்த்துத்தான் வந்திருக்கின்றன. இரண்டாவது, டெமிரெலின் ரத்து அதிகாரம் இன்னொருவர் நலனைக் காப்பதற்காகக் கொடுத்தது இல்லை. டிரஸ்டிக்கு உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தும்போது பயனாளிகளை நினைக்க வேண்டும். இவர் யாரையும் நினைக்க வேண்டியதில்லை. அவர் எடுக்க வேண்டிய ஒரே முடிவு, தனக்குப் பணம் வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும். அப்படியிருக்கும்போது ஈக்விட்டியின், அதாவது சான்சரி நீதிமன்றம் வளர்த்த நியாய விதிகளின், பார்வையில் அது உடைமைக்குச் சமமான உரிமை. நியாயம் கேட்கும் இடத்தில் நீதிமன்றம் படிப்படியாக முன்னே நகரலாம். இங்கே நகர வேண்டும்.

கேமனின் டிரஸ்ட் சட்டக் கொள்கைக்கு இது விரோதம் என்ற வாதமும் வந்தது. நிறுவியவர் சில அதிகாரங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டாலும் டிரஸ்ட் செல்லும் என்று கேமன் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் டிரஸ்ட் செல்லும் என்பதும், அந்த அதிகாரம் கடன்காரர் கைக்கு எட்டாது என்பதும் வேறு வேறு சங்கதிகள். முதலாவதைச் சட்டம் சொன்னது. இரண்டாவதைச் சொல்லவில்லை.

உத்தரவின் வடிவத்தைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். ரிசீவர்களை நியமித்தால் மட்டும் வேலை முடியாது. அதிகாரம் பத்திரப்படி டெமிரெலின் பெயரில் இருக்கிறது. எனவே அந்த அதிகாரத்தை ரிசீவர்களிடம் ஒப்படைக்கும்படி டெமிரெலுக்கு உத்தரவு. ரிசீவர்கள் அதைப் பயன்படுத்தி டிரஸ்டை ரத்து செய்வார்கள்; பணம் டெமிரெலின் பணமாகத் திரும்பும்; அந்த நொடியே கடன்காரருக்குப் போகும். டிரஸ்டி பத்திரத்தை மீறவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ரத்து அறிவிப்பு வந்தது, கட்டுப்பட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உடன்பாடான தீர்ப்பு. ஆனால் "உடைமைக்குச் சமமான" என்ற சொற்றொடர் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதைத் தீர்ப்பு சொல்லவில்லை. டெமிரெல் போல எந்தக் கட்டுப்பாடும் இல்லாத அதிகாரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. டிரஸ்டியைக் கண்காணிக்கப் பத்திரத்திலேயே நியமிக்கப்படும் புரொடெக்டர் என்று ஒருவர் சம்மதித்தால்தான் ரத்து என்றிருந்தால்? அந்த புரொடெக்டர் நிறுவியவரின் பழைய நண்பராக இருந்தால்? அங்கே வாதாட நிறையவே இடம் இருக்கிறது.

அதன் பிறகு

பத்திரம் எழுதுபவர்கள் சும்மா இருக்கவில்லை. கடன்காரர் தொல்லை வரலாம் என்று பயப்படும் ஒருவருக்கு இன்று டிரஸ்ட் எழுதிக் கொடுக்கும் கவனமான வழக்கறிஞர், அப்பட்டமான ரத்து அதிகாரத்தை அவரிடம் விட்டுவைக்க யோசிப்பார். ஆனால் கட்சிக்காரர்கள் கேட்பதோ அதைத்தான்: பணம் என்னுடையதாகவும் இருக்கக் கூடாது, என் பிடியை விட்டும் போகக் கூடாது.

அந்த ஆசை பிற வழக்குகளிலும் அடி வாங்கியது. ரஷ்யாவின் மெஷ்ப்ரோம் வங்கி திவாலான பிறகு அதன் கலைப்பாளர்கள், வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கேய் புகச்சோவ் மீது தொடுத்த வழக்கில், 2017 அக்டோபரில் லண்டனில் பிர்ஸ் நீதிபதி ஐந்து நியூசிலாந்து டிரஸ்டுகளைப் பார்த்தார். நிறுவியவரும் பயனாளிகளில் ஒருவரும் புரொடெக்டரும் அவரே. காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிரஸ்டிகளை நீக்கும் அதிகாரமும் அவரிடம். பத்திரத்தைச் சரியாகப் படித்தால் சொத்தை அவர் கைவிடவே இல்லை என்று நீதிபதி முடிவு செய்தார். இல்லையென்றால் அவை நாடகம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார். 2020இல் குக் தீவுகளிலிருந்து வந்த வெப் வழக்கில் பிரிவி கவுன்சில் இன்னும் நேராகப் போனது: நிறுவியவர் தன்னிடம் வைத்துக்கொண்ட அதிகாரங்கள் உடைமையிலிருந்து பிரித்தறிய முடியாதவை, எனவே செல்லும்படியான டிரஸ்டே உருவாகவில்லை. அது கணவன் மனைவி தகராறு. கடன் வசூல் வழக்கு இல்லை. ஆனால் டெமிரெல் வழக்கில் கையாண்ட அளவுகோலின் நிழல் அதன் மேல் தெரிகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். டெமிரெல் வழக்கில் டிரஸ்ட் செல்லும், அதிகாரம் மட்டும் கைமாறும். புகச்சோவ், வெப் வழக்குகளில் டிரஸ்டே விழுகிறது. கடன்காரர் பக்கம் ஆஜராகும் வழக்கறிஞர் இரண்டையும் சேர்த்தே கேட்பார், ஆனால் வரிசையை யோசித்துத்தான் வைப்பார். முதலாவதற்குப் பத்திரம் ஒன்றே போதும். இரண்டாவதற்குச் சாட்சிகள், மின்னஞ்சல்கள், குறுக்கு விசாரணை என்று வருடங்கள் ஓடலாம்.

இந்த வேலையைச் செய்பவர்கள்

டிரஸ்ட் வழக்கறிஞரும் திவால் வழக்கறிஞரும் பல ஊர்களில் வேறு வேறு சாதியாகவே வளர்கிறார்கள். முதல் வகையினர் குடும்பங்களோடு பழகுபவர்கள், ரகசியம் காப்பவர்கள், நீதிமன்றத்தில் டிரஸ்டிக்கு வழிகாட்டுதல் கேட்டுப் போகிறவர்கள். இரண்டாவது வகையினர் வேகமானவர்கள். எதிராளிக்குத் தெரியாமல் அவர் சொத்தை முடக்கும் உத்தரவு வாங்கி, அடுத்து, தெரிந்தோ தெரியாமலோ தவறில் கலந்துவிட்ட மூன்றாம் ஆளிடமிருந்து தகவல் பெறும் நார்விச் ஃபார்மகல் உத்தரவு வாங்கி, பணம் போன தடத்தைப் பின்தொடர்பவர்கள். கேமன், ஜெர்சி, கெர்ன்சி, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் போன்ற இடங்களில் இரண்டும் ஒரே மேஜையில் வந்து சேர்கின்றன. அங்கே பெரும்பாலும் வருவோர் லண்டன் போன்ற பெரிய நகரங்களில் சில ஆண்டுகள் வழக்காடிப் பழகியவர்கள். பெரிய விசாரணை என்றால் லண்டனிலிருந்து மூத்த பாரிஸ்டர் வருவார். அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அவருக்கு அனுமதி வாங்குவார்கள். உள்ளூர் வழக்கறிஞர்தான் வழக்கை முதலிலிருந்து கட்டி, கடைசிவரை தூக்கிச் செல்பவர்.

டிரஸ்டியின் வழக்கறிஞர் நிலை தனி. கடன்காரரை எதிர்த்துப் போராடினால் அந்தச் செலவை டிரஸ்ட் சொத்திலிருந்து எடுக்கலாமா? தோற்றால் யார் கட்டுவது? 1893ஆம் ஆண்டு பெட்டோ வழக்கிலிருந்து வந்த வழக்கப்படி, முன்கூட்டியே நீதிமன்றத்திடம் போய், இந்த வழக்கை நடத்தலாமா என்று அனுமதி கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. கேட்காமல் இறங்கிய டிரஸ்டி பிறகு தன் பையிலிருந்து கொடுக்க நேரிடலாம்.

சில சமயம் டிரஸ்டியே கடனாளியாகவும் நிற்பார். 2008இல் ஐஸ்லாந்தின் காப்திங் வங்கி விழுந்ததன் பின்விளைவாக வந்த கிளெனல்லா வழக்கு அப்படிப்பட்டது. ஜெர்சி சட்டத்தின்கீழ் உள்ள டிரஸ்ட், கெர்ன்சியில் டிரஸ்டி, கடன்காரர்களோ கலைப்பாளர்கள் கையில் இருந்த பிரிட்டிஷ் வர்ஜின் தீவு கம்பெனிகள். எதிர்த்தரப்புக்கு இவர் டிரஸ்டியாகத்தான் கையெழுத்திடுகிறார் என்று தெரிந்திருந்தால், அவர் பொறுப்பு டிரஸ்ட் சொத்தோடு நிற்கும் என்று ஜெர்சியின் 1984ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு கெர்ன்சி நீதிமன்றத்திலும் கூடவே வருமா? 2018இல் பிரிவி கவுன்சில், பெரும்பான்மையாக, வரும் என்றது. சொத்து பத்தாமல் போன டிரஸ்டில் பழைய டிரஸ்டிக்கும் புதிய டிரஸ்டிக்கும் யாருக்கு முதல் உரிமை என்ற அடுத்த கேள்வி 2022இல் ஜெர்சியிலிருந்து வந்த ஹலாபி வழக்கில் தீர்ந்தது. முதலில் வந்தவருக்கு முதலிடம் கிடையாது, விகிதப்படி பகிர வேண்டும் என்று முடிவானது. அதுவும் ஏகமனதாக இல்லை.

டெமிரெல் வழக்குக்கே திரும்பினால், இன்று அதே மாதிரி ஒரு கோப்பு மேஜைக்கு வந்தால் வேலையின் வரிசை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். உள்ளூரில் தீர்ப்பாக மாற்றும் வழக்கு ஒரு பக்கம் ஓடும்போதே, ரத்து அதிகாரத்தைக் கடனாளி கைவிட்டுவிடாமல் தடுக்க இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். அதிகாரத்தை அவர் ஒரு பத்திரம் எழுதித் துறந்துவிட்டால் ரிசீவருக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. அடுத்து டிரஸ்டிக்கு அறிவிப்பு. பத்திரத்தின் நகல் கேட்டு மனு. பத்திரத்தோடு சேர்ந்திருக்கும் விருப்பக் கடிதங்களையும் (சொத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று நிறுவியவர் டிரஸ்டிக்கு எழுதுபவை) கேட்க வேண்டும், ஏனென்றால் உண்மையில் யார் சொல்படி பணம் நகர்ந்தது என்பது பத்திரத்தைவிட அந்தக் கடிதங்களில்தான் தெரியும். ரத்து அதிகாரம் தனியாள் கையில் இருந்தால் நேரே ரிசீவர் மனு. இரண்டு பேர் கையில் இருந்தால், இரண்டாவது ஆள் எப்போதாவது ஒருமுறையாவது மறுத்திருக்கிறாரா என்று தேடத் தொடங்க வேண்டும்.